இரவுக்காக அச்சிடுதல்: ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கரும் ஈகோ சொல்வென்ட் மையும்

ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கரில், மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கொண்ட ஈகோ சொல்வென்ட் மையால் அச்சிடுவதை, சாதாரண வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் அன்றாடம் செய்யும் வேலையின் சற்று விலை கூடிய வடிவம் என்றே எமது பகுதிக் கடைகளில் பலரும் கருதுகின்றனர். இயந்திரம் ஒன்றுதான், மை ஒன்றுதான், ரோலை மாட்டும் முறையும் ஒன்றுதான் என்பதால் அப்படி எண்ணுவது இயல்பே. ஆனால் இந்தத் தாளுக்கு வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும், இரவில் ஒரு வாகனத்தின் விளக்கொளியை அது திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காகவே கொடுக்கப்படுகிறது. பகலில் கடை வாசலில் வைத்துப் பார்த்து அழகாக இருக்கிறது என்று முடிவு செய்யப்பட்ட ஓர் அச்சு, இரவில் வெறும் தகரத்தைப் போல இருண்டு கிடக்குமானால், அந்தப் பணத்துக்குரிய பொருளை நாம் கொடுக்கவில்லை என்றே பொருள். இந்த வேலையில் எல்லாத் தீர்மானங்களும், மையின் அளவு முதல் எழுத்தின் தடிப்பு வரை, இரவை நோக்கியே எடுக்கப்பட வேண்டும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் கடை நடத்துபவனுக்கு இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் இருட்டிய பின்னரும் வெல்லாவெளி, மண்டூர், பழுகாமம் வீதிகளில் ஊர்ந்துகொண்டிருக்கும். அவை பின்னால் இழுத்துவரும் பெட்டிகளில் பின்விளக்கு இருந்தாலும், வயிரும் பல்பும் சேற்றிலும் குலுக்கலிலும் அடிக்கடி செயலிழந்துவிடும். இந்தப் பக்கம் வந்தால், மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகச் செல்லும் ஏ4 வீதியில் பேருந்துகளும் லொறிகளும் இரவு முழுவதும் ஓடுகின்றன. பொத்துவிலைக் கடந்து லகுகலைக் காட்டோரம் போனால் யானையும் வீதிக்கு வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒருவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடந்துவிடுகிறார். அவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதித்து நிற்பதற்கு உலர்ந்த வீதியிலேயே 40 மீற்றருக்கு மேல் தேவைப்படும். மழை ஈரத்தில் இன்னும் கூடும். முன்னே செல்லும் பெட்டி அந்தத் தூரத்துக்கு அப்பாலேயே கண்ணில் பட்டாக வேண்டும்.

தம் உழவு இயந்திரப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்த போடியார் (வயற்காணிச் சொந்தக்காரர்) ஒருவரிடம், பின்பலகைக்கு எந்த நிறத்தில் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டேன். “பகலில பெட்டியை நான் பார்த்துக்குவன் மனே, இரவில வாறவனுக்குத் தெரியிற மாதிரிச் செய்” என்றார். இந்த வேலைக்கு இதைவிடத் தெளிவான ஓடரை இதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை.

தாளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும். ஒரு சுண்ணாம்புச் சுவரில் படும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்வாகப் படும் ஒளி மறுபக்கமாகத் தெறித்துப் போகிறது. ரிஃப்ளெக்டிவ் தாள் இரண்டையும் செய்யாமல், ஒளி எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்புகிறது. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் சாதாரண வகையில், மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் ஒரு பிசின் படையில் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் மெல்லிய இடைப்படை ஒன்றும், அதற்கும் பின்னால் அலுமினியப் பூச்சும் உள்ளன. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் குறிக்கும் முறிவுச் சுட்டி இந்த மணிகளுக்கு ஏறத்தாழ 2.2 ஆக இருப்பதால், உள்ளே நுழையும் ஒளி முறிந்து, சரியாக அந்த அலுமினியப் பூச்சின் மீது குவிந்து, தெறித்து, வந்த வழியே வெளியேறுகிறது. மணிகளுக்கு மேலே வழுவழுப்பான தெளிந்த மேற்படை மூடியிருப்பதால் மழையில் நனைந்தாலும் இந்த வழி குலையாது. மணிகள் வெளியே திறந்திருக்கும் பழைய வகைகளில் நீர்ப்படலம் ஏறியவுடன் ஒளி மங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் வீதிகள் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மேற்படையின் அருமை தெரியும்.

வாகனம் ஓட்டுபவரின் கண் விளக்குக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணும் விளக்கும் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால், 170 மீற்றர் தூரத்திலுள்ள பலகையிலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கு இடையிலான கோணம் 0.2 பாகை மட்டுமே. திரும்பி வரும் ஒளி மிகக் குறுகிய கூம்பாக வருவதால் இந்தச் சிறிய கோணமும் முக்கியமாகிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி4956 என்ற தர நியமத்தில், பொறியியல் தரம் எனப்படும் முதல் வகை வெள்ளைத் தாளுக்கு 0.2 பாகையில் குறைந்தது 70 அலகு ஒளி திரும்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள், 0.5 பாகையில் அது 30 ஆகக் குறைகிறது. லொறியிலும் பேருந்திலும் ஓட்டுநர் விளக்கிலிருந்து உயரத்தில் அமர்ந்திருப்பதால் அவருடைய கோணம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே காரில் வருபவருக்குப் பளிச்சென்று தெரியும் அதே பலகை, அதே தூரத்தில் பேருந்து ஓட்டுநருக்கு மங்கலாகத் தெரிகிறது. எங்கள் வீதிகளில் இரவில் வேகமாக வருபவை பெரும்பாலும் பேருந்துகளும் லொறிகளும்தான் என்பதால், தாள் தரும் ஒளியில் சிறிதளவையேனும் வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த ஒளியை வீணாக்கக்கூடியது நாம் இடும் மை. ஈகோ சொல்வென்ட் மையின் நீலம், மஜந்தா, மஞ்சள் ஆகியவை ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. திருவிழாவில் குழல்விளக்கைச் சுற்றி நிறத்தாள் கட்டுவதைப் போலவே அவை ஒளிக்கு நிறம் கொடுக்கின்றன. ஆனால் அங்கே ஒளி தாளை ஒரு முறை கடக்கிறது, இங்கே மணியை நோக்கி உள்ளே போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது மறுமுறையும் மையைக் கடக்கிறது. பாதி ஒளியை விடும் மைப்படை ஒன்று, இரு முறையும் கணக்கிட்டால், கால் பங்கையே திருப்பித் தரும். ஐந்தில் ஒரு பங்கை விடும் படை நூற்றில் நான்கு பங்கைத்தான் தரும். பத்தில் ஒரு பங்கை விடும் படையில் மிஞ்சுவது நூற்றில் ஒன்று. மையைச் சற்றுக் கூட்டினால் ஒளி சற்றுக் குறையும் என்று நினைப்பது இதனால்தான் தவறு. குறைவு இரட்டித்த வேகத்தில் நடக்கிறது. மேற்சொன்ன நியமம் நிறத் தாள்களுக்கு விதிக்கும் எண்களிலேயே இதைக் காணலாம். வெள்ளைக்கு 70 என்றால் மஞ்சளுக்கு 50, செம்மஞ்சளுக்கு 25, சிவப்புக்கு 14, பச்சைக்கு 9, நீலத்துக்கு 4, கபிலத்துக்கு வெறும் 1. தொழிற்சாலையில் கவனமாக நிறமூட்டப்பட்ட தாளுக்கே இந்த நிலை என்றால், நாம் நான்கு மைகளைக் கலந்து உண்டாக்கும் கடும் நீலத்திலும் மண் நிறத்திலும் என்ன மிஞ்சும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. ரிஃப்ளெக்டிவ் தாளின் வெள்ளை, பகலில் தூய வெள்ளையாக இருப்பதில்லை. பின்னாலுள்ள அலுமினியப் பூச்சினால் அது சாம்பல் படிந்த வெள்ளையாகத் தெரியும். அதன் மீது வெள்ளை வினைலுக்கு உரிய புரொஃபைலை, அதாவது நிற அமைப்பை, கொண்டு அச்சிட்டால், சிவப்பு மங்கலாகவும் மஞ்சள் அழுக்காகவும் வரும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். உடனே, படத்தை இயந்திரத்துக்கான மைப்புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில் மையின் அளவைக் கூட்டுவது, அல்லது ஒரே இடத்தில் இரண்டு முறை அடிப்பது, என்பதே கைக்கு எட்டும் முதல் வழியாக இருக்கிறது. பகல் நிறம் தேறிவிடும், வாடிக்கையாளரும் திருப்தியோடு எடுத்துப் போய்விடுவார். இரவில் அந்தப் பலகையிலிருந்து வர வேண்டிய ஒளியில் பெரும்பகுதியை அந்தக் கூடுதல் மை விழுங்கியிருக்கும். பகலில் தெரியும் அந்த மங்கல் இந்தத் தாளின் இயல்பு என்பதையும், அதை மையால் சரிசெய்யக் கூடாது என்பதையும் வாடிக்கையாளருக்கு ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். துலக்கம் வேண்டுமென்றால் அதை நிறத் தெரிவினாலும் எழுத்தின் அளவினாலும் பெற வேண்டும். நான்கு நிறங்களும் முழுதாக விழுந்தால் மையின் மொத்த அளவு 400 சதவீதம் ஆகும். இந்தத் தாளுக்கு நான் அதை 200 சதவீதத்துக்குச் சற்று மேலாக மட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன்.

எங்கள் கடைச் சுவரில், பயன்படுத்தும் ஒவ்வொரு வகைத் தாளிலும் அச்சிட்ட நிறப்பட்டி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு நிறமும் 10 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை படிப்படியாகக் கட்டம் கட்டமாக உள்ளது. பக்கத்தில் மை படாத ஒரு வெற்றுக் கட்டமும் இருக்கிறது. மாலையில் கதவை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, டோர்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தால் பகலில் காணாத உலகம் ஒன்று தெரியும். பகலில் கம்பீரமாக நின்ற கடும் நீலமும் ஊதாவும் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். 30 சதவீத நீலம், பகலில் வெளிறியதாகத் தோன்றியது, இரவில் அழகிய நீல ஒளியாக நிற்கும்; மைப்புள்ளிகளுக்கு இடையே மை படாத இடைவெளிகள் முழு ஒளியையும் திருப்புவதே காரணம். மஞ்சள், எத்தனை சதவீதமாக இருந்தாலும், ஏறக்குறைய வெற்றுக் கட்டத்தைப் போலவே எரியும். ஆகவே வெள்ளையில் மஞ்சள் எழுத்து இரவில் வாசிக்க முடியாதது. கறுப்பில் நீல எழுத்தும் அவ்வாறே. சிவப்பு எழுத்தை நீலத்தின் மீது கேட்கும் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் இருக்கின்றன. அவர்களை அந்தப் பட்டியின் முன் நிறுத்தி டோர்ச்சைக் கையில் கொடுத்துவிட்டால், நான் வாதிட வேண்டிய அவசியமே வருவதில்லை.

கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலம், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து உண்டாக்கும் கறுப்பு பகலில் ஆழமாகத் தெரிந்தாலும், ஒளி ஊடுருவும் மைகளின் சேர்க்கை என்பதால் இரவில் கபில நிறமாகக் கசியக்கூடும். தனிக் கறுப்பு மையில் கரித்துகள் இருப்பதால் அது ஒளியை நன்றாகவே உறிஞ்சும். எனவே எழுத்துக்களைத் தனிக் கறுப்பிலேயே அமைக்க வேண்டும். பெரிய எழுத்துக்களானால் அச்சிடுவதையே விட்டுவிட்டு, ஒளி புகாத கறுப்பு வினைலை, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளொட்டரில் வெட்டி மேலே ஒட்டுகிறேன். மையும் மிச்சம், காய்வதற்குக் காத்திருக்கவும் வேண்டாம், இரவில் எழுத்து மைக்கறுப்பாகவே நிற்கும். சில இயந்திரங்களில் உள்ள வெள்ளை மை ஒளி புகாதது. அதை இந்தத் தாளில் அடித்தால் அந்த இடம் இரவில் செத்துவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் எதையும் அடிக்காமல் விடுவதே இங்கு வெள்ளை.

எழுத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் எழுத்துருக்களோடு வரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் கொண்டவை. ஒளிரும் பரப்பு இரவில் தன் எல்லையைத் தாண்டிப் பரவுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். கடும் நிறத்தின் மீது வெள்ளை எழுத்தை விட்டிருந்தால் அது தடித்துத் தெரியும். ஒளிரும் மஞ்சள் மீது கறுப்பு எழுத்திருந்தால் பின்புலத்தின் ஒளி எழுத்தை அரித்து மெலியச் செய்யும். ஆங்கிலத்தின் நேர்கோட்டு எழுத்துக்கள் இதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. தமிழில் சுழியும் வளைவும் புள்ளியும்தான் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. வெள்ளை எழுத்தாக விட்ட ‘ண’வின் சுழிகள் இரவில் அடைபட்டு ஒரே ஒளிக்கட்டியாகிவிடும்; ‘ன’வா ‘ண’வா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கறுப்பு எழுத்தாக இட்ட ‘க்’கின் புள்ளியைச் சுற்றியுள்ள ஒளி விழுங்கிவிட்டால் அங்கே ‘க’ மட்டுமே மிஞ்சும். ‘மட்டக்களப்பு’ என்ற ஒரு பெயரிலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே கறுப்பு எழுத்தைத் தடித்த எழுத்துருவிலும், ஒளிரும் எழுத்தை ஒரு படி மெல்லிய எழுத்துருவிலும் அமைக்கிறேன். புள்ளியை எழுத்துரு தரும் அளவிலேயே விடாமல், அதைத் தனியே எடுத்துப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சற்று விலக்கி வைக்கிறேன். கணினித் திரையில் அது சற்று அவலட்சணமாகவே இருக்கும். எழுத்தழகு தெரிந்த நண்பர்கள் குறை சொல்வதும் உண்டு. 50 மீற்றருக்கு அப்பால், இருட்டில், அந்தப் புள்ளி சரியான அளவில் தெரிகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் எழுத வேண்டிய பலகைகளில் இடம் போதாமல் போகும்போது முதலில் சுருக்கப்படுவது பெரும்பாலும் தமிழ் வரியாகவே இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் எழுத்தை அகலவாக்கில் நெருக்கிவிடுகிறார்கள். நெருக்கிய தமிழ் எழுத்து ரிஃப்ளெக்டிவ் தாளில் இரவில் வாசிக்கவே முடியாதது. பலகையைப் பெரிதாக்குங்கள், அல்லது சொற்களைக் குறையுங்கள் என்று கேட்பதற்கு அச்சிடுபவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் பயன்படுத்த வேண்டும்.

இயந்திரத்தில் செய்ய வேண்டியவை அவ்வளவு கடினமானவை அல்ல. தாள் சாதாரண வினைலைவிடத் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும், சூட்டில் ஓரம் மேலெழும். எனவே மை தெளிக்கும் ஹெட்டின் உயரத்தை ஒரு படி கூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் ஹெட்டில் உரசும். நடு ஹீட்டரை 35 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலும், பின் ஹீட்டரை 45 முதல் 50 வரையிலும் வைத்து, தாள் சூடேறச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு அடிக்கிறேன். பாஸ் எண்ணிக்கையை, அதாவது ஹெட் ஒரே இடத்தைக் கடக்கும் தடவைகளை, கூட்டி மெதுவாக அடித்தால் மை திட்டுத் திட்டாகத் திரளாது. மேற்பரப்பை வெறும் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் வெளிறிய தடம் விழும். மேற்படை வினைலாக உள்ள தாளே ஈகோ சொல்வென்ட்டுக்கு ஏற்றது, ஏனெனில் இந்த மையின் கரைப்பான் வினைலைச் சற்று இளக்கி அதற்குள் பிடித்துக்கொள்கிறது. வேறு பிளாஸ்ரிக் மேற்படை கொண்ட தாள்களில் பல, அச்சு முடிந்தவுடன் நன்றாகத் தோன்றிவிட்டு, நகத்தால் கீறினால் உரிந்துவிடும். புதிய ரோலை வாங்கும்போது ஒரு துண்டில் அடித்து, மறுநாள் டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பார்ப்பது நல்லது.

காயவிடுவதில் அவசரப்படக் கூடாது. ஈகோ என்ற பெயர் இருந்தாலும் இந்த மையில் இருப்பதும் கரைப்பான்தான். பெரும்பாலும் கிளைகோல் ஈதர் வகையைச் சேர்ந்த, மெதுவாக ஆவியாகும் திரவங்கள். ரிஃப்ளெக்டிவ் தாளில் மேற்படை மட்டுமே அதை வாங்கிக்கொள்கிறது, கீழே மணிப்படையும் அலுமினியமும் தடுத்து நிற்கின்றன, ஆகையால் ஏறிய கரைப்பான் முழுவதும் மேல்வழியாகவே வெளியேற வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று எண்ணி, இறுக்கமாகச் சுருட்டி மூலையில் வைத்தால் ஆவி உள்ளேயே அடைபடும். அதன் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டி லெமினேற் செய்தால் சில நாளில் படலம் வெண்மையாகப் பொங்கும், ஓரங்கள் மேலெழும். குறைந்தது 24 மணி நேரமாவது, காற்றோட்டம் உள்ள இடத்தில் தளர்வாக நிறுத்தி வைத்துக் காயவிட வேண்டும். கடும் நிறங்கள் அதிகம் உள்ள வேலைகளுக்கு அதன் இரட்டிப்பு நேரம் கொடுக்கிறேன். மூக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் மணம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதே மணம்தான் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது என்பதை நினைத்து, ஏசியைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவைக்காமல், வெளியேற்றும் காற்றாடி ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும்.

லெமினேஷன் பளபளப்பான தெளிந்த படலமாகவே இருக்கட்டும். பளபளப்பில்லாத மங்கலான படலம் ஒளியைச் சிதறடிப்பதால் இரவுத் துலக்கத்தைக் குறைத்துவிடும். எங்கள் வெயிலில் படலம் இல்லாத அச்சு சீக்கிரமே வெளிறும் என்பதாலும், பெட்டிகளின் மீது மண்ணும் வைக்கோலும் நெல் மூட்டையும் ஓயாமல் உரசும் என்பதாலும் லெமினேஷனைத் தவிர்க்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் இணங்குவதில்லை.

பிளொட்டரில் வெட்டும்போது வரும் சிக்கல் பலருக்குப் புதிராக இருக்கிறது. அச்சின் மூலைகளில் இடும் அடையாளக் குறிகளைப் பிளொட்டரின் சென்சர் தன் ஒளியைச் செலுத்தித் தேடுகிறது. இந்தத் தாள் அந்த ஒளியை எதிர்பாராத விதமாகத் திருப்புவதால் குறியை அது காணாமல் தடுமாறும். குறி விழும் இடத்தில் முன்கூட்டியே ஒரு துண்டு மங்கலான வெள்ளை வினைலை ஒட்டி, அதன் மீது குறி அச்சாகும்படி செய்தால் சிக்கல் தீரும். அல்லது அச்சான குறியின் மீது மங்கலான ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டலாம். கண்ணாடி மணிகளை அறுப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். வெட்டிய ஓரத்தில் அலுமினியப் பூச்சு காற்றுக்குத் திறந்துவிடுவது இன்னும் பெரிய விடயம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடற்கரையை அண்டிய வீதிகளில் உப்புக்காற்று அந்த ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு போய், பலகையைச் சுற்றிக் கருமையான கரை ஒன்றை உண்டாக்கிவிடும். அங்கே மாட்டப்போகும் பலகைகளில், ரிஃப்ளெக்டிவ் தாளைப் பலகையின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்தி, லெமினேஷன் படலத்தை அதைவிட அகலமாக வெட்டி, நான்கு பக்கமும் பலகையின் மீது படிந்து மூடும்படி ஒட்டுகிறேன். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டினால் அவை கிளம்புவதும் குறையும்.

ஒட்டும் வேலையில் ஒரே ஒரு விதியை மட்டும் வலியுறுத்துவேன்: இழுக்கக் கூடாது. சாதாரண வினைலைப் போல இதைச் சூடுகாட்டி இழுத்து வளைவுகளில் படிய வைக்க முயன்றால் மணிப்படை மயிரிழையாக வெடிக்கும். பகலில் அது தெரியாது, இரவில் அந்த வெடிப்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். பெட்டியின் பலகையில் மடிப்பு இருந்தால் மடிப்பிலேயே வெட்டி இரண்டு துண்டாக ஒட்ட வேண்டும். ரிவெட்டின் தலையைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். துரு, பழைய பெயின்றின் செதில், டீசல் பிசுக்கு ஆகியவற்றை நீக்கி, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நீர் தெளிக்காமல் உலர்வாகவே ஒட்ட வேண்டும். நடுப்பகலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தகரத்தில் ஒட்டுவதைவிடக் காலையில் ஒட்டுவது எவ்வளவோ மேல்.

தரத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரம் என்ற பெயரில் வரும் மலிவான ரிஃப்ளெக்டிவ் ரோல்கள், கடைப் பெயருக்கும் அலங்காரத்துக்கும் போதுமானவை. அவற்றை வீதிப் பாதுகாப்புக்கு உரிய தரம் என்று சொல்லி எனக்கு விற்க முயன்ற வியாபாரிகள் உண்டு. இரண்டு ரோலும் பகலில் ஒன்றுபோலவே இருக்கும். இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டோர்ச் அடித்தால் ஒன்று பளிச்சென்று எரியும், மற்றது மங்கிக் கிடக்கும். பொருளின் தரவுத்தாளில் ஒளி திரும்பும் அளவு எண்ணாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எண்ணைக் காட்ட முடியாத ரோலை நான் வாகனங்களுக்குப் பயன்படுத்துவதில்லை. மணிகளுக்குப் பதிலாக நுண்ணிய அரியங்களை (பிரிசம்) கொண்ட உயர்தரத் தாள்கள் பல மடங்கு ஒளியைத் திருப்புகின்றன. முதல் வகை வெள்ளைக்கு 70 என்ற இடத்தில் நான்காம் வகைக்கு 360, பதினோராம் வகைக்கு 580 என்று அதே நியமம் விதிக்கிறது. அவற்றின் மேற்படை பெரும்பாலும் வினைல் அல்ல என்பதால் ஈகோ சொல்வென்ட் மைக்கு அவை ஏற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வகைக்கு ஒளி ஊடுருவும் நிறப் படலத்தை வெட்டி மேலே ஒட்டும் முறையே பொருத்தம். உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறச் சிவப்புப் பட்டிகளையும் நான் அச்சிடுவதில்லை. தொழிற்சாலையில் நிறமூட்டப்பட்ட சிவப்புத் தாளை வெட்டியே ஒட்டுகிறேன், ஏனெனில் நாம் கலக்கும் சிவப்பைவிட அது இரவில் தூய்மையாகவும் நீண்ட காலத்துக்கும் நிற்கிறது. வாகன இலக்கத் தகடு அரசு வழங்கும் பொருள். அதை அச்சிட்டுத் தரும்படி கேட்பவர்களை அனுப்பிவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் பொருளைக் கொடுக்கும் நேரத்தை மாலைக்குத் தள்ளிவைப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் 15 மீற்றர் தள்ளி நின்று, டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தம் பலகையைத் தாமே வாசித்துப் பார்க்கட்டும். டோர்ச்சை இடுப்பளவில் பிடித்தால் கோணம் விரிந்து ஒளி கண்ணுக்கு வராது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறேன். தொலைபேசியில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்தாலும் போதும், ஃபிளாஷும் கமெராவும் அருகருகே இருப்பதால் ஓட்டுநரின் கண் காண்பதற்கு நெருக்கமானதையே அது காட்டும். அந்தப் படத்தை அவர்கள் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த அறுவடைக்கு முன் பெட்டியைக் கழுவி, சவர்க்கார நீரும் மென்மையான துணியும் கொண்டு ஸ்டிக்கரைத் துடைத்து, அதே தூரத்திலிருந்து மீண்டும் ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதை யாரிடமும் கேட்காமலேயே அறிந்துகொள்ளலாம். பெற்றோலும் தின்னரும் மட்டும் அதில் பட வேண்டாம்.